வராத நாட்களை முதலில் எழுதுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் மலேசியா, கெடாவில் பீடோங் பக்கம். தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் இளைஞர் மன்றத்தில் 22 பேர் இருக்கிறார்கள். மூத்தவனுக்கு 19 வயது, கடைக்குட்டிக்கு 10. தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை இடித்து, எல்லாரையும் வீடமைப்புப் பகுதியான தாமானுக்கு அனுப்பிய கதையை நாங்களே நாடகமாக எழுதியிருக்கிறோம். ஒன்றேகால் மணி நேரம் வரும். போன வருடம் தொடங்கிப் பாதியில் கைவிட்டோம். கடைசி மாதம் தினமும் இரவு 8 முதல் 10 வரை ஒத்திகை வைத்தேன். முதல் வாரம் 20 பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் 9 பேர். கதாநாயகன் படிவம் 5, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். என்று சொல்லி நின்றுவிட்டான். வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்த மண்டபமும் கைநழுவிப் போனது. இந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை, அக்டோபர் 31, நடத்தலாம் என்கிறார்கள். எப்போது தொடங்க வேண்டும்? பிள்ளைகளை ஒழுங்காக வரவைக்க என்ன வழி? ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமா?

பதில்: தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, "முதல் வாரம் 20 பேர், மூன்றாம் வாரம் 9 பேர்" என்ற வரியைத்தான். அந்த 11 பேர் எங்கே போனார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டும் இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கிறது.

இருபது வருடத்துக்கு முன்னால் முதன்முதலாகப் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டேன். ஒருநாள் ஒத்திகை முடியப் பத்தேகால் ஆகிவிட்டது. மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், படியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. பாட்டி வேடத்துக்கு வைத்திருந்த சேலையைக் காலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள், கொசுவுக்காக. அப்பாவுக்குக் கூலிமில் மாலை ஷிப்ட். பதினொன்றுக்கு முடிந்து, மோட்டாரில் வந்து, போகிற வழியில் இவளை ஏற்றிக்கொண்டு போவாராம். "தினமும் இப்படித்தானா?" என்றேன். "ஆமா டீச்சர், பரவால்ல" என்றாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. "ஆர்வம் குறைந்துவிட்டது" என்று என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒத்திகை நேரம் குறிக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

ஆகவே அட்டவணையை நாடகத்தின் முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு, யாரோடு, எந்த வண்டியில் வீடு போய்ச் சேரும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். யார் எந்த நாளில் வர முடியாது என்பது உங்கள் கைக்கு வந்த பிறகுதான் எப்போது ஒத்திகை என்ற பேச்சே எழ வேண்டும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லையே என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டு, அதாவது வேலைக்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம். மாலையில் எல்லாருக்கும் நேரம் இருந்தது, அதுவும் ஒரே நேரம். திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை என்றால் லயத்துக் கோடியில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும். ராஜா வேடம் போடுகிறவர் கைலியோடு எழுந்து வந்துவிடுவார். இன்று அந்த லயத்து ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாலைந்து தாமான்களில் இருக்கிறார்கள். அப்பா பிறையில், அம்மா சுங்கை பட்டாணியில், அண்ணன் பெட்ரோல் நிலையத்தில், ஆளுக்கொரு ஷிப்ட். உங்கள் நாடகத்தின் கதையும் இதுதானே? லயத்தை இடித்தபோது ஒத்திகை நேரத்தையும் சேர்த்து இடித்துவிட்டார்கள்.

சரி, நாளுக்கு வருவோம்.

நீங்கள் கெடாவில் இருக்கிறீர்கள். பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு பக்கம் வேலைக்குப் போகிற அப்பா அம்மாவுக்குச் சனியும் ஞாயிறும். பிள்ளைக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் பொதுவாக இருக்கிற ஒரே நாள் சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து வந்து நாடகப் பட்டறை நடத்துகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஞாயிறு காலை ஒத்திகை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். இதை வைத்துப் பார்த்தாலே அக்டோபர் 31 சரிப்படாது. சனி இரவு நாடகம் முடிந்து ஒப்பனை கலைத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் காலை ஏழரைக்கு வகுப்பு.

வேறு காரணங்களும் இருக்கின்றன. அடுத்த வார ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. அதற்கு முந்தைய வாரத்தில் அம்மாக்கள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருப்பார்கள், அப்பாக்கள் துணிக்கடையில் நிற்பார்கள். படிவம் 5 பிள்ளைகளுக்குத் தேர்வு நெருக்கம். அப்புறம் மழை. உங்கள் பக்கம் அக்டோபர்தான் மழை கொட்டுகிற மாதம், அதுவும் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். சாவு வீட்டுக் காட்சி. பத்துப் பிள்ளைகள் மேடையில். ஜெராய் மலைப் பக்கம் மாலையிலேயே கறுத்திருந்தது, நான் கவனிக்கவில்லை. முதல் வசனத்தோடு மழை இறங்கியது. முன்வரிசைக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். சாவு வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது. பாட்டியாக நடித்த பெண் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டு, செத்தவரின் சட்டையை எடுத்து மெதுவாக மடிக்கத் தொடங்கினாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மழை விடும் வரை, நாலு நிமிடம் இருக்கும். அன்றைக்கு நாடகம் பிழைத்தது அவளால்தான். ஆனால் அப்படி ஒரு பிள்ளை கிடைக்கும் என்று நம்பி நாள் குறிக்க முடியாது.

என் யோசனை ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்கிவிட்டதால், ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு வார விடுமுறை வருகிறது. 31 திங்கள், தேசிய தினம். பினாங்கில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு. வெளியூர் போன பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள். ஆடி முடிந்திருக்கும். வேண்டுமானால் 30 ஞாயிறு மாலை இன்னொரு முறையும் போடலாம். அவ்வளவு உழைப்பை ஒரே இரவில் முடித்துவிட எனக்கு மனது வராது.

இப்போது கணக்கு. மே 2-ஆம் தேதி தொடங்கினால் ஆகஸ்ட் 22 வரை 17 சனிக்கிழமைகள். கேட்கத் தாராளமாக இருக்கிறது, இல்லையா? மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வரும் பள்ளி விடுமுறையில் மூன்று சனிக்கிழமை போய்விடும். பாதிப் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களைத் தடுக்காதீர்கள். ஆடியில் கோயில் திருவிழாவுக்கு ஒன்று. இன்னொன்றை என்ன காரணம் என்று கேட்காமலே கழித்துவிடுங்கள். சாவு, காய்ச்சல், வெள்ளம், மின்தடை, ஏதோ ஒன்று வரும். மீதி 12. ஒரு சனிக்கிழமையில் மூன்று மணி நேரம் போட்டாலும், வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்தது போக உருப்படியாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். 30 மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலைகளையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரையும் கூப்பிட வேண்டாம். ஆறேழு பேர், 9 முதல் 11 வரை. மண்டபத்துக் காவலாளி ஜும்மாவுக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஆடி வெள்ளிகளைத் தொடாதீர்கள். கூழ் ஊற்றுகிற நாளில் ஒத்திகை என்றால் உங்களுக்கு எதிரியாவது அம்மன் இல்லை, அம்மாக்கள். ஆடிக்கு முன்னால் ஏழு வெள்ளி, முடிந்த பிறகு ஆகஸ்ட் 21 ஒன்று, ஆக எட்டு. 16 மணி நேரம். ஆகஸ்ட் 28 வெள்ளி, உடை ஒப்பனையோடு முழு ஒத்திகை நாலு மணி நேரம். எல்லாம் கூட்டினால் 50.

மேடைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம். பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கு அது, பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். உங்கள் கையில் இருப்பது 50 மணி நேரம், நாடகமோ 75 நிமிடம்.

இரவு ஒத்திகையைக் கூட்டி இந்த 25 மணி நேரத்தை நிரப்பலாம் என்று தோன்றும். போன வருடம் செய்தது அதுதான். இந்தத் தடவை நாடகத்தை வெட்டுங்கள். 50 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், 45 என்றால் இன்னும் நல்லது. கூட்டாக எழுதிய நாடகத்தில் எல்லாரும் ஒரு காட்சியைச் செருகியிருப்பார்கள். தோட்ட நிர்வாகியின் அறையில் ஒரு காட்சி, குடிகார அப்பா ஒரு காட்சி, கடைசியில் நியாயம் பேசுகிற மாமா ஒருவர். நாடகத்தைப் படிக்காமலே சொல்கிறேன், அந்த மாமாவை முதலில் அனுப்பிவையுங்கள். யார் எழுதிய காட்சி போகிறதோ அவரை விட்டே வெட்டச் சொல்லுங்கள். மனஸ்தாபம் வரும், வரட்டும். ஏப்ரலில் வந்தால் ஆறப் போட நேரம் இருக்கிறது.

வெட்டி முடித்ததும் ஒரு மணிலா அட்டை வாங்குங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 22 பெயர். மேலே காட்சிகளின் எண். யார் எந்தக் காட்சியில் வருகிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. இன்னொரு அட்டையில் அதே 22 பெயர், மேலே தேதிகள்; வர முடியாத நாளில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு எதிரே உட்காருங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நேரம் அது. எந்த நாளில் எந்தக் காட்சியை எடுக்க முடியும் என்று அட்டையே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு முறை இப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் நாடகத்தில் குட்டிப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கும் முதல் காட்சியிலும் கடைசிக் காட்சியிலும் மட்டுமே வேலை. அதுவரை அவர்களை வாராவாரம் வரச் சொல்லி, மண்டபத்தில் ஓடவிட்டு, ஓடாதே என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களுக்கு ஐந்து சனிக்கிழமை, அதுவும் முதல் ஒரு மணி நேரம்தான். ஒத்திகையும் உருப்பட்டது, என் தொண்டையும் பிழைத்தது.

சிவப்புக் குறி போட என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எப்போது ஃப்ரீ?" என்று கேட்டால் "எப்பவும் ஃப்ரீ டீச்சர்" என்பார்கள். டியூஷன் எந்த நாள், புறப்பாட நடவடிக்கை எந்த நாள், தேவாரம், பரதம், பந்து, பகுதிநேர வேலை, அப்பாவுக்கு என்ன ஷிப்ட், வீட்டில் எத்தனை மோட்டார், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது, எந்த உறவுக்காரர் கல்யாணம், இப்படித் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளையிடம் மட்டும் கேட்டால் போதாது. தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அம்மாவிடமோ அப்பாவிடமோ கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும்போதுதான் "அட, அன்னைக்குச் சித்தப்பா வீட்டுக் காதுகுத்தாச்சே" என்று நினைவு வரும். பேரங்காடியிலும் பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்கிற பெரிய பையன்களுக்கு வேலைப் பட்டியல் வாராவாரம் மாறும். அவர்கள் முதலாளிக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கொடுங்கள், சனிக்கிழமை காலை மட்டும் விடச் சொல்லி. நான் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் பலித்திருக்கின்றன. ஒரு முதலாளி நாடகம் பார்க்கவே வந்து இரண்டு பெட்டி மினரல் வாட்டர் இறக்கிவிட்டுப் போனார்.

வாரங்களை எப்படிப் பிரிப்பது என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மே மாதச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து வாசிப்பு, பாத்திரம் பிரிப்பு. ஜூனில் யார் எங்கே நிற்பது, எங்கிருந்து வருவது. ஜூலை 4-க்கு மேல் வசனத் தாள் யார் கையிலும் இருக்கக்கூடாது. இந்த ஒரு தேதியில் மட்டும் கறாராக இருங்கள், ஏனென்றால் கையில் தாள் இருக்கும் வரை பிள்ளை நடிக்காது. ஜூலை கடைசியிலிருந்து நிறுத்தாமல் முழுசாக ஓட்டம். ஆகஸ்ட் 22 ஒளி, ஒலிக்கு. அன்று நடிப்பைத் திருத்தாதீர்கள். எந்த வசனத்தில் விளக்கு மாறுகிறது, எந்த வசனத்தில் லாரிச் சத்தம் வருகிறது என்று அந்த இடங்களை மட்டும் தாண்டித் தாண்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அலுப்பான நாள் அது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள்.

பெரட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து ஒன்றை நான் களவாடி வைத்திருக்கிறேன். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒருவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்ற விசாரணை அப்புறம்தான். அவருடைய மர நிரையை இன்று யார் சீவுவது என்பது அங்கேயே, அந்த இருட்டிலேயே முடிவாகிவிடும். ஒத்திகையிலும் முதல் ஐந்து நிமிடம் அதுதான். வராத பிள்ளையின் வசனத்தை யார் பேசுவது என்று முன்பே குறித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு இரண்டாம் ஆள். அந்த இரண்டாம் ஆளுக்கும் மேடையில் ஒரு சின்ன வேடமாவது இருக்கட்டும், வெறுமனே காத்திருக்க வைத்தால் மூன்றாம் வாரம் அதுவும் வராது. இரண்டு முறை போடுவதானால், சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மற்றவர் என்று பிரித்துவிடலாம்.

உங்கள் கதாநாயகன் விஷயத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. படிவம் 5 பிள்ளைக்கு நாடகம் முழுக்க வருகிற வேடத்தைக் கொடுக்காதீர்கள். சோதனைத் தேர்வு, கூடுதல் வகுப்பு, வீட்டில் அழுத்தம் எல்லாம் அவன் தலையில் இருக்கிறது. போன வருடம் நின்றவன் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்தது சரி. ஆனால் இந்த வருடத்துப் படிவம் 5 பிள்ளைகளை நாடகத்துக்கு வெளியே தள்ளியும் விடாதீர்கள். ஒரே காட்சியில் வந்து நெஞ்சை உலுக்கிவிட்டுப் போகிற வேடம் எந்த நாடகத்திலும் ஒன்று இருக்கும். அதைக் கொடுத்து, நாலு வெள்ளிக்கிழமை காலையில் முடித்துவிடுங்கள். அவர்களில் யாராவது எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்திருந்தால் அந்தப் பாடத்திலும் நாடகம் உண்டு. வீட்டில் அனுமதி கேட்கும்போது அது கைகொடுக்கும்.

மண்டபத்தை நாளைக்கே பாருங்கள். சனிக்கிழமை மண்டபம் கல்யாணத்துக்காரர்களுடையது, அவர்கள் ஒரு வருடம் முன்னாலேயே வந்து நிற்பார்கள். எனக்கும் ஒருமுறை வாய்வார்த்தை வாங்கிவிட்டு, நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ப் பார்த்தால் மேடையில் மணவறை ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எழுத்தில் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. மலாயில் கடிதம், முன்பணம், ரசீது, முத்திரை குத்திய நகல். கடிதத்தில் மூன்று நாளைக் குறிப்பிடுங்கள்: ஆகஸ்ட் 22 முழு நாள், 28 மதியத்திலிருந்து, 29 முழு நாள். 30-உம் வேண்டுமானால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். நாடக நாளை மட்டும் எழுதினால் ஒத்திகைக்கு வாசல் திறக்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளி மண்டபம் கிடைத்தால் அதையே எடுங்கள். நீங்கள் அங்கே வேலை செய்கிறவர், தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தெரிந்தவர்கள். பொது மண்டபத்தில் டிக்கெட் விற்று நடத்துவதென்றால் நகராண்மைக் கழகத்தில் பொழுதுபோக்கு உரிமம் பற்றிக் கேட்க வேண்டும். சுங்கை பட்டாணி அலுவலகத்துக்கு மே மாதமே ஒரு நடை போய்வந்துவிடுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். நாடகம் உங்களுடையது, அதில் சிக்கல் இல்லை. நடுவில் சினிமாப் பாட்டு ஓடவிடுவதானால் பொது நிகழ்ச்சிக்கு அதற்கு இசை உரிமம் வாங்க வேண்டும், பாடல் உரிமம் வழங்கும் அமைப்பான எம்.ஏ.சி.பி.யிடம் கேட்கலாம். அதைவிட, மன்றத்துப் பிள்ளைகள் யாருடைய பாட்டிக்காவது தோட்டத்துத் தாலாட்டு தெரிந்திருக்கும். செலவும் இல்லை, நாடகத்துக்கும் அதுதான் பொருந்தும்.

இவ்வளவையும் நீங்களே இழுக்க வேண்டாம். நடிக்க விருப்பமில்லாமல், ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்து மூலையில் நிற்கிற பிள்ளை ஒன்று எல்லா மன்றத்திலும் இருக்கும். அந்தப் பிள்ளைதான் உங்கள் மேடை நிர்வாகி. கையில் ஒரு தடித்த நோட்டு, நாடகம் முழுதும் ஒட்டியது, ஓரத்தில் எழுத இடம் விட்டது. யார் எங்கே நின்றார், எந்த வசனம் மாறியது, எந்தச் சொல்லுக்கு விளக்கு, எல்லாம் அதில். வெள்ளியன்று நீங்கள் சொன்னதைச் சனியன்று நீங்களே மறந்து வேறு மாதிரி சொல்லும்போது, "இல்ல டீச்சர், நேத்து இடப்பக்கம்னு சொன்னீங்க" என்று அந்த நோட்டு பேசும். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிற வேலையும் அந்தப் பிள்ளைக்கே. பெற்றோருக்கு ஒரு குழு, பிள்ளைகளுக்கு ஒரு குழு, பிள்ளைகள் குழுவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலைக்குள், நாளையும் நாளை மறுநாளும் யார் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுவோம் என்று பெயரோடு போய்விட வேண்டும். விடும் நேரத்தை எழுதிவிட்டால் அதில் விடுங்கள். காட்சி நன்றாக வந்துகொண்டிருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் என்று ஆசை வரும். வெளியே ஓர் அப்பா மோட்டாரை அணைக்காமல் நிற்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அடுத்த வாரம் ஒரு பிள்ளையை விலையாகக் கொடுப்பீர்கள்.

போக்குவரத்துக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிற வேன்காரரையே கேளுங்கள். வெள்ளி, சனியில் அவர் வண்டி சும்மா நிற்கும். வீட்டு வாசல் எல்லாம் அவருக்கு மனப்பாடம், தாய்மார்களுக்கும் அவர்மேல் நம்பிக்கை. மண்டபச் செலவுக்கு முன்னால் வேன் செலவை எழுதுங்கள். அடுத்தது சாப்பாடு. காலை ஒத்திகைக்குப் பசியாறாமல் வருகிற பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பொட்டலம் நாசி லெமாக், ஒரு பெரிய குவளை மைலோ, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு ஒத்திகை, எட்டே முக்காலுக்குப் பசியாறல் என்று போட்டுப் பாருங்கள், ஒருவரும் தாமதமாக வர மாட்டார்கள்.

கடைசியாகச் சிறப்பு விருந்தினர். அழையுங்கள், ஊர் மரியாதை, மண்டபக் கட்டணத்துக்கும் உதவி கிடைக்கலாம். ஆனால் நம் நிகழ்ச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழரை என்று போட்டு, எட்டேகாலுக்கு அவர் கார் வந்து, குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, மாதிரிக் காசோலை எல்லாம் முடிந்து திரை விலக ஒன்பதரை. அதுவரை பத்து வயதுப் பிள்ளை முகத்தில் பவுடரோடு திரைக்குப் பின்னால் தூங்கி விழும். நான் இப்போது நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக அச்சடிக்கிறேன். 7.30 நாடகம், 8.20 சிறப்பு விருந்தினர் உரை, 8.35 சிறப்புச் செய்தல். உறுப்பினரின் உதவியாளரிடம் நேரில் போய், "ஐயா எட்டேகாலுக்கு வந்தால் போதும், கூட்டம் முழுசாக உட்கார்ந்திருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் பேசுவதென்றால் யாரும் மறுப்பதில்லை. சிலர் முன்னதாகவே வந்து நாடகத்தையும் பார்ப்பார்கள். மாலையை மட்டும் மதியமே வாங்கி வைத்துவிடாதீர்கள், ஆகஸ்ட் வெயிலில் எட்டரைக்குள் வாடிவிடும். கேண்டீன் அக்காவிடம் சொல்லிக் குளிர்பெட்டியில் ஒரு தட்டுக்கு இடம் கேட்டு வையுங்கள்.